விசையும் எழுத்தும்: கணினி நிரலாக்கத்தில் விசை நிகழ்வைக் கையாண்ட வரலாறு

1. முன்னுரை

கணினியின் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் திரையில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. அழுத்தப்பட்டதும் தோன்றியதும் ஒன்றே எனப் பயன்படுத்துவோர் கருதுவர். நிரல் எழுதுவோரிலும் பலர் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். விசை என்பது பலகையின்மேல் உள்ள ஓர் இடம். எழுத்து என்பது மொழியின் ஓர் அலகு. ஆங்கிலத்தில் இவை இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்றாய்ப் பொருந்திவிடுவதால் வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜப்பானியம், தமிழ் முதலிய மொழிகளில் அவ்வாறு பொருந்துவதில்லை. இம்மொழிகள் கணினிக்குள் வந்தபோதுதான் இவ்வேற்றுமையை நிரலாக்கம் நேர்கொள்ள வேண்டியதாயிற்று.

தட்டச்சுப் பொறிக் காலம் தொடங்கிச் சாளர முறைக் காலம் வரை விசையும் எழுத்தும் எவ்வாறு படிப்படியாகப் பிரிக்கப்பட்டன என்பதையும், பிரிக்காமல் விடப்பட்டபோது தமிழ்ப் பனுவல்களுக்கு நேர்ந்தது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நிரலாக்க நூல்களையும் மென்பொருள்களையும் தமிழாக்குவோர்க்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும் என்பதால், இதிலிருந்து எழும் கலைச்சொற் சிக்கல்களும் இறுதியில் சுட்டப்படுகின்றன.

2. தட்டச்சும் தொலையச்சும்

அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷோல்சும் அவர்தம் கூட்டாளிகளும் 1868இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். அதன் வளர்ச்சியான பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்பொறியில் விசை, அதனோடு இணைந்த கம்பி, கம்பியின் நுனியிலுள்ள அச்சு ஆகிய மூன்றும் ஒரே உறுப்பின் பகுதிகள். விசையை அழுத்துவதும் எழுத்தைத் தாளில் பதிப்பதும் ஒரே செயல். இடையில் எண்ணிப்பார்க்கும் கருவி எதுவும் இல்லை.

எனினும் அக்காலத்திலேயே இவ்வொற்றுமையில் ஒரு விரிசல் காணப்பட்டது. பிரெஞ்சு முதலிய மொழிகளில் எழுத்தின் தலைமேல் குறியிட வேண்டும். இதற்கென அமைந்த விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும். ஆனால் வண்டி நகராது. அடுத்து அழுத்தப்படும் எழுத்து அதே இடத்தில் விழுந்து குறியோடு சேரும். ஆக, ஓர் எழுத்துக்கு இரண்டு அழுத்தங்கள் தேவைப்பட்டன. ஒரு விசை ஓர் எழுத்து என்னும் கணக்கு முதலில் பிறழ்ந்தது இங்கேதான்.

ஈழத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாற்பதுக்கும் சற்று மிகுந்த விசைகளில் அடக்குவது எளிய பணி அன்று. தமிழ் எழுத்துகள் இங்கு வடிவத் துண்டுகளாகப் பகுக்கப்பட்டன. 'கொ' என்னும் எழுத்தைப் பெற ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை இடமிருந்து வலமாகத் தட்ட வேண்டும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் முதலான இலக்கணங்களின் கொள்கை. பொறியிலோ ஒகரத்தின் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னுமாக வந்தது. தாளில் வடிவம் பிழையின்றி அமைந்ததால் இம்முரண் யாருக்கும் இடையூறு செய்யவில்லை. அது இடையூறாக மாறியது கணினிக் காலத்தில்.

தொலையச்சுப் பொறிகள் விசைக்கும் தாளுக்கும் இடையே கம்பித் தொடர்பைப் புகுத்தின. 1963இல் வெளிவந்த ஆஸ்கி என்னும் அமெரிக்கத் தரக் குறியீடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வகுத்தது. விசையை அழுத்தியவுடன் பொறியே அவ்வெண்ணை அனுப்பிவிடும். கணினிக்கு வந்து சேர்வது எண் மட்டுமே. எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தி வழியிலேயே மறைந்துவிடும். கட்டுப்பாட்டு விசையுடன் 'ஐ' விசையை அழுத்தினாலும், தாவல் விசையை அழுத்தினாலும் கணினி பெறுவது 9 என்னும் ஒரே எண். கட்டுப்பாட்டு விசையுடன் 'எம்' விசையை அழுத்துவதும் வரிமுடிவு விசையை அழுத்துவதும் 13 என்னும் எண்ணாகவே வரும். இவற்றை வேறுபடுத்தி அறிய நிரலுக்கு வழியில்லை. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு விசையை இழந்த நிலை இது.

3. விசை தனித்து வந்தமை

கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்ட்டோ கணினியில் இந்நிலை மாறியது. அதன் விசைப்பலகை எழுத்துக்குரிய எண் எதையும் அனுப்பவில்லை. ஒவ்வொரு விசைக்கும் நினைவகத்தில் ஓர் இருமநிலை ஒதுக்கப்பட்டது. விசை அழுந்தியுள்ளதா, எழுந்துள்ளதா என்பதை அது காட்டியது. அதற்குப் பொருள் காண்பது முற்றிலும் நிரலின் பொறுப்பு.

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினி இக்கருத்தைப் பரவலாக்கியது. 83 விசைகள் கொண்ட அதன் பலகைக்குள் ஒரு நுண்செயலி இருந்தது. விசை அழுந்தும்போது அதன் இட எண்ணையும், எழும்போது அவ்வெண்ணோடு 128 கூட்டிய எண்ணையும் அது அனுப்பியது. 'கே' என்னும் விசையின் இட எண் 37. அது எழும்போது செல்வது 165. எண் வந்ததும் செயலி தன் பணியை நிறுத்திக் குறுக்கீட்டு நிரலை இயக்கும். அந்நிரல் மாற்று விசை அழுந்தியுள்ளதா என்று பார்த்து, இட எண்ணை எழுத்தெண்ணாக மாற்றி, பதினைந்து அழுத்தங்களை வைத்திருக்கத்தக்க சிறு நினைவுப் பகுதியில் சேர்க்கும். பயன்பாட்டு நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

இட எண் வருமிடத்துக்கும் எழுத்தெண் சேருமிடத்துக்கும் நடுவே ஒரு நிரல் இருப்பதால் அந்நிரலை மாற்றி வேறு மொழியைப் புகுத்த முடியும். இந்தியாவில் மின்னணுத் துறை 1986இல் இன்ஸ்கிரிப்ட் என்னும் பொதுவான விசை அமைப்பை வகுத்தது. புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை ஐபிஎம் வகைக் கணினிகளில் இந்திய மொழிகளைத் தட்டச்சு செய்யவும் திரையில் காட்டவும் உதவியது. இந்தியத் தர நிறுவனம் 1991இல் வெளியிட்ட இஸ்கி குறியீடு எழுத்துகளை வடிவ வரிசையில் அல்லாமல் ஒலி வரிசையில் சேமித்தது. 'கொ' என்பது அதில் ககரம், ஒகரக் குறி என்னும் இரண்டு அலகுகளே. தட்டச்சுப் பொறியில் பிளவுண்ட ஒகரம் மீண்டும் ஒன்றானது.

4. சாளர முறைகளும் நிகழ்வுக் கோட்பாடும்

அதுவரை நிரல்கள் விசைக்காகக் காத்து நின்றன. சாளர முறைகளில் சுட்டி, விசைப்பலகை, கடிகாரம் என எங்கிருந்தும் செய்தி வரக்கூடும். ஆதலின், வருவன யாவும் நிகழ்வுகள் எனப்பட்டு வரிசையில் நிறுத்தப்பட்டன. நிரல் ஒவ்வொன்றாக எடுத்து ஆவன செய்யும். 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினியில் விசை நிகழ்வு ஒன்றுக்குள் விசையின் எண்ணும் எழுத்தின் எண்ணும் அருகருகே வைத்துத் தரப்பட்டன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாகி 1987இல் பதினொன்றாம் பதிப்பை எட்டிய எக்ஸ் சாளர முறை, விசை அழுந்தியது, விசை எழுந்தது என்னும் இரு நிகழ்வுகளையே அறிவித்தது. இட எண்ணிலிருந்து விசையின் குறிப்பெயரையும், அதிலிருந்து எழுத்தையும் தேடிப் பெறுவது நிரலின் வேலையாயிற்று.

1985இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எடுத்துக்கொண்ட வழி மொழியியலார்க்குச் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. இங்கு விசை அழுந்திய செய்தியும் எழுத்து வந்த செய்தியும் வெவ்வேறானவை. நிரல் வரிசையிலிருந்து ஒரு செய்தியை எடுத்ததும் அதனை ஒரு செயற்கூறிடம் தருகிறது. அச்செயற்கூறின் பெயரே 'செய்தியை மொழிபெயர்' என்பதாகும். அது தன்னிடம் வந்த விசைச் செய்தியை மாற்றுவதில்லை. அதனை அப்படியே விட்டு, உரிய எழுத்துச் செய்தியைப் புதிதாக ஆக்கி வரிசையில் சேர்க்கிறது. மூலமும் பெயர்ப்பும் அடுத்தடுத்து நிரலை வந்தடைகின்றன. கட்டளைகளுக்கு விசைச் செய்தியையும் உரைக்கு எழுத்துச் செய்தியையும் கொள்க என்பது இதன் அடிப்படை விதி.

இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் 'கே' விசை ககரத்துக்கு உரியது. ஒருங்குறி முறையில் இயங்கும் விண்டோசில் அவ்விசையை ஒருமுறை அழுத்தினால் மூன்று எண்கள் தோன்றுகின்றன. பலகை தருவது 37 என்னும் இட எண். இயக்க முறைமை விசைக்கு வைத்த பொது எண் 75. எழுத்துச் செய்தியில் வருவது ககரத்தின் ஒருங்குறி எண்ணாகிய 2965. மூன்றும் ஒரே அழுத்தத்தின் மூன்று நிலைகள்.

இதில் ஒரு வழுக்கு நிலமும் உண்டு. ஆங்கில எழுத்து விசைகளுக்கு விண்டோஸ் வைத்த பொது எண்களும் ஆஸ்கியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் எண்களும் ஒன்றே. எனவே விசைச் செய்தியில் 75 வந்தால் அதனைக் 'கே' என்னும் எழுத்தாகவே கொண்டு உரையில் சேர்க்கும் நிரலை எளிதாக எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் சோதித்தால் அது ஓரளவு சரியாகவே நடக்கும். தமிழ் விசையமைப்பைத் தேர்ந்த ஒருவர் அந்நிரலில் ககரத்தைத் தட்டினால் வருவது ஆங்கில எழுத்து. இதற்கு மறுதலையான பிழையும் நிகழ்வதுண்டு. நகலெடுக்கும் கட்டளைக்குரிய ஆங்கில 'சி' என்னும் எழுத்து வந்ததா என்று மட்டும் பார்க்கும் நிரலில், தமிழ் அமைப்பு இயங்கும்போது அக்கட்டளை வேலை செய்யாமற் போகலாம். முதற்பிழையில் விசை எழுத்தாகக் கொள்ளப்பட்டது. இரண்டாவதில் எழுத்து விசையாகக் கொள்ளப்பட்டது.

5. ஜப்பானிய மொழி தந்த தீர்வு

ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் அட்டவணை ஆயிரக்கணக்கான சீன வடிவங்களை ஆளும் ஜப்பானிய மொழிக்குப் போதாது. 1978இல் தோஷிபா நிறுவனம் அறிமுகம் செய்த ஜேடபிள்யூ-10 என்னும் சொற்செயலி, ஒலியன்முறைக் கானா எழுத்துகளில் தட்டச்சு செய்ததைச் சீன வடிவங்கள் கலந்த உரையாக மாற்றித் தந்தது. இங்கு விசை அழுத்தங்கள் உடனே உரையாவதில்லை. அவை ஓரிடத்தில் தேங்கி நிற்கின்றன. பயன்படுத்துவோர் உறுதி செய்த பின்னரே உரையில் சேர்கின்றன.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஜோசப் பெக்கர் 1984 ஜூலையில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் பன்மொழிச் சொற்செயலாக்கம் பற்றி எழுதிய கட்டுரை இவ்வகையில் ஒரு திருப்பமாகும். தட்டும் முறை, சேமிக்கும் முறை, காட்டும் முறை ஆகிய மூன்றையும் தனித்தனியே கருத வேண்டும் என்னும் கொள்கை அதில் விளக்கம் பெற்றது. அவரே பின்னர் 1988இல் ஒருங்குறித் திட்டத்தின் முதல் வரைவை எழுதினார்.

இக்கொள்கை உள்ளீட்டு முறை என்னும் தனி நிரலாக வடிவெடுத்தது. எக்ஸ் சாளர முறையின் பதினொன்றாம் பதிப்பில் 1991இல் வந்த ஐந்தாம் வெளியீடு இதற்கு இடமளித்தது. பயன்பாட்டு நிரல் தனக்கு வரும் நிகழ்வை முதலில் உள்ளீட்டு முறையிடம் காட்ட வேண்டும். 'இதனை நான் எடுத்துக்கொண்டேன்' என அது விடை தந்தால் பயன்பாட்டு நிரல் அந்நிகழ்வை விட்டுவிட வேண்டும். விண்டோசிலும், உள்ளீட்டு முறை எடுத்துக்கொண்ட விசைகள் தம் சொந்த எண்ணுக்கு மாறாக 229 என்னும் பொது எண்ணோடு வரும். ஜாவா மொழியின் 1.1 பதிப்பில் 1997இல் விசை அழுந்தியது, எழுந்தது, எழுத்து தட்டப்பட்டது என மூன்று நிகழ்வுகள் பிரித்து வைக்கப்பட்டன. 1998இல் வந்த அடுத்த பதிப்பில் உள்ளீட்டு முறைக்கான கட்டமைப்பும் சேர்ந்தது.

6. தமிழில் இரு வழிகள்

தமிழ்க் கணிமை முதலில் வேறொரு வழியில் சென்றது. 1980களிலும் 1990களிலும் பரவிய இயக்க முறைமைகளில் தமிழுக்கு இடமில்லை. எழுத்துருவை மாற்ற மட்டும் எளிதில் முடிந்தது. எனவே ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் பெருகின. தட்டச்சுப் பொறியின் அமைப்பைத் தழுவிய பாமினி அவற்றுள் பரவலாக வழங்கியது. அதில் 'தமிழ்' என்று தட்டினால் கோப்பில் சேர்வன ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை நீக்கினால் தமிழ் மறைந்து இவை எஞ்சும்.

கோப்பில் சேமிக்கப்பட்டது உரையன்று. எந்தெந்த விசைகள் எவ்வரிசையில் அழுத்தப்பட்டன என்னும் பதிவு. நிகழ்ந்தவுடன் எழுத்தாக மாறி மறைய வேண்டிய விசை நிகழ்வு இங்குக் கோப்பிலேயே உறைந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனி ஒதுக்கீடு கொண்டிருந்ததால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை. அகர வரிசைப்படுத்தவும் சொல் தேடவும் முடியவில்லை. சொல்லடைவும் சொற்றொகையும் அமைக்க விரும்பும் மொழியியலார்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். அக்கால நூல்களும் இதழ்களும் இத்தகைய கோப்புகளாகவே இருப்பின், அவற்றை மாற்றுநிரல் கொண்டு ஒருங்குறிக்குப் பெயர்த்த பின்னரே ஆய்வுக்குப் பயன்கொள்ளலாம்.

மற்றொரு வழி உள்ளீட்டு முறை வழி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தமிழ்99 விசையமைப்பை ஏற்றது. உயிர் பன்னிரண்டு, அகரம் ஏறிய மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு எழுத்துகளே இதன் அடிப்படை. ககரத்தை அடுத்து இகரத்தை அழுத்தினால் 'கி' ஆகும். அதே இகரத்தைச் சொல்லின் தொடக்கத்தில் அழுத்தினால் 'இ' என நிற்கும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே: ஙகரத்தின்பின் ககரம் 'ங்க' ஆகிறது, நகரத்தின்பின் தகரம் 'ந்த' ஆகிறது. புள்ளி வேண்டாதவிடத்து இடையே அகரத்தை அழுத்த வேண்டும். 'பப்பாளி' என எழுத முதல் பகரத்தின்பின் அகரம் தேவை.

விசைக்கு நேராக எழுத்தை வைத்த அட்டவணையால் இதனைச் செய்ய இயலாது. முன்பு வந்தது யாது என்பதை நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். சில வேளை பின்சென்று திருத்தவும் வேண்டும். இனவெழுத்து என்னும் இலக்கணப் பாகுபாடு விசை நிகழ்வைக் கையாளும் நிரலுக்குள் ஒரு விதியாகவே நுழைந்துவிட்டது.

'கொக்கு' என்னும் சொல்லை வைத்து இவ்விரு வழிகளையும் ஒப்பிடலாம். எழுத்தெண்ணிக்கையில் இது மூன்று: கொ, க், கு. ஒலியன்களாகப் பிரித்தால் ஐந்து: க், ஒ, க், க், உ. பாமினியில் ஆறு விசைகள்: கொம்பு, க, கால், க, புள்ளி, கு. இன்ஸ்கிரிப்டிலும் ஆறு: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. தமிழ்99இல் ஐந்து: க, ஒ, க, க, உ. பாமினி கையெழுத்தின் வடிவத்தைப் பின்பற்றுகிறது. இன்ஸ்கிரிப்ட் குறியீட்டின் அலகுகளைப் பின்பற்றுகிறது. தமிழ்99 இச்சொல்லில் ஒலியன்களையே பின்பற்றுகிறது. ஒருங்குறி முறையில் இன்ஸ்கிரிப்டிலும் தமிழ்99இலும் சேமிக்கப்படும் உரை ஒன்றே. தட்டிய முறை எதுவென அதிலிருந்து அறிய இயலாது. அறிய வேண்டியதும் இல்லை.

2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000 இயக்க முறைமை ஒருங்குறித் தமிழை ஏற்றது. 1993இல் லாவோ மொழிக்கெனத் தோன்றிய கீமேன் மென்பொருளின் துணையோடு எ-கலப்பை பரவியது. ஜப்பானில் உருவான எம்17என் நூலகத்தின் வழியாக லினக்ஸ் பயனர்க்கும் தமிழ்99 கிடைத்தது. ஜப்பானிய மொழியின் நெருக்கடிக்குக் கண்ட தீர்வு தமிழுக்கும் பயன்பட்டது.

7. கலைச்சொற் சிக்கல்கள்

இவ்வரலாற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியன சில. ஆங்கில நூல்களில் 'கேரக்டர்' என வருவதை எழுத்து எனப் பெயர்ப்பது பெருவழக்கு. ஒருங்குறியில் 'தமிழ்' என்பது ஐந்து கேரக்டர். தமிழ் மரபில் மூன்று எழுத்து. 'பத்து எழுத்துக்கு மேல் கூடாது' என்று ஒரு படிவம் அறிவித்து ஆறாவது எழுத்திலேயே தடுத்தால் பயன்படுத்துவோர் குழம்புவர். கேரக்டருக்கு வரியுரு எனவோ குறியீட்டலகு எனவோ ஒரு சொல்லை வரையறுத்து, எழுத்து என்னும் சொல்லை இலக்கணப் பொருளுக்கே விட்டுவைத்தல் நன்று.

'கீ' என்பதை விசை எனவும், 'கீ பிரஸ்' என்பதை விசையழுத்தம் எனவும் கொள்ளலாம். இவ்விரண்டோடும் எழுத்து என்னும் சொல் கலவாதிருத்தல் வேண்டும். வண்டி நகராத விசைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டெட் கீ' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'இறந்த விசை' எனப் பெயர்த்தால் கெட்டுப்போன விசை என்றே படிப்போர் கொள்வர். 'நகரா விசை' என்பது அதன் தோற்றத்தையும் தொழிலையும் காட்டும்.

அழிப்பு விசையின் விளக்கத்திலும் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது. 'கொ' என்பதன்பின் நின்று பின்னழி விசையை அழுத்தினால் பல நிரல்களில் ஒகரக் குறி மட்டும் நீங்கிக் ககரம் எஞ்சும். முன்னழி விசையோ எழுத்து முழுவதையும் நீக்கும். இரண்டையும் 'ஓர் எழுத்தை அழிக்கும்' என எழுதினால் ஒன்று பிழையாகும்.

8. முடிவுரை

தட்டச்சுப் பொறியில் ஒன்றாயிருந்த விசையும் எழுத்தும் தொலையச்சில் எண்ணாக மாறின. தனியாள் கணினியில் இரு நிலைகளாயின. சாளர முறைகளில் இரு செய்திகளாயின. உள்ளீட்டு முறைகளில் நடுவே ஒரு மொழியறிவு புகுந்தது. ஆங்கிலத்தை மட்டும் கருதியிருந்தால் இக்கடைசிப் படிக்குத் தேவை எழுந்திராது. இப்படிகளுள் முந்தைய ஒன்றிலேயே நின்றுவிட்ட நிரல்கள் தமிழை ஆங்கில எழுத்தாகச் சேமித்தன, அல்லது ஏற்க மறுத்தன.

விசையைக் கையாளும் நிரலை எழுதுவோர் பெரும்பாலும் மொழியியல் பயின்றோர் அல்லர். மொழியியலார் பெரும்பாலும் இந்நிரலைக் கண்டவர் அல்லர். தமிழ்99இன் விதிகளில் இவ்விரு அறிவும் சேர்ந்து செயற்பட்டதைக் கண்டோம். குறுஞ்சொல் பலவற்றை எடுத்து, விசையழுத்தம், குறியீட்டலகு, எழுத்து, ஒலியன் ஆகிய நான்கையும் மேற்காட்டிய முறையில் எண்ணி ஒப்பிட்டால், எந்த விசையமைப்பு தமிழின் எந்தக் கூற்றைப் பின்பற்றுகிறது என்பது தெளிவுறும். அவ்வாய்வு மொழியியல் மாணவர் மேற்கொள்ளத்தக்கது.